நஞ்சுப் போத்தலின் நிறப்பட்டையும் அதனை மறவாதிருக்கும் வழிகளும்



ஓப்பநாயக்கவிலோ, அதற்கு இருபுறத்தும் உள்ள பெல்மதுளை, பலாங்கொடைக் கடைகளிலோ நீங்கள் பூச்சிநாசினி வாங்கும்பொழுது முதலிற் பார்ப்பது எதனை? விலையைப் பார்ப்பீர்கள். பெயரைப் பார்ப்பீர்கள். சென்ற போகத்தில் அயலவர் வாங்கிய போத்தல் இதுதானா என்று வடிவத்தையும் பார்ப்பீர்கள். இவை யாவும் வேண்டுவனவே. ஆயினும் போத்தலில் ஒட்டியுள்ள விபரச்சீட்டின் அடிப்பாகத்தில், இடமிருந்து வலமாக ஒரு நிறப்பட்டை ஓடுவதைப் பலர் அழகுக்காக அச்சிட்டது என்று எண்ணி விட்டுவிடுகின்றனர். அது அழகுக்கானதன்று. உள்ளே இருக்கும் பொருள், வாய்வழியாகவோ தோல்வழியாகவோ உடலிற் சேர்ந்தால் எவ்வளவு விரைவாக உயிருக்கு ஊறு செய்யும் என்பதனை எழுத்தறியாதவருக்கும் கூறும் அடையாளம் அது.

நிறங்கள் நான்கு. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்பது அவற்றின் வரிசை. சிவப்பு, கொடிய நஞ்சு. உலகச் சுகாதார நிறுவனம் முதலாம் வகுப்பில் வைத்தவற்றுக்கு உரியது. மஞ்சள், இரண்டாம் வகுப்பு. நீலம், மூன்றாம் வகுப்பு. பச்சை, முறைப்படி கையாண்டால் உடனடித் தீங்கு நேர்வது அரிது என்று கருதப்படும் பொருள்களுக்கு உரியது. நமது நாட்டில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் விபரச்சீட்டில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளும் இருத்தல் வேண்டும். மூன்று மொழிகளையும் ஒரு சிறு போத்தலில் அடக்குவதால் எழுத்துப் பொடியாகிவிடுகின்றது. முதியவர் கண்ணுக்கு அது எட்டாது. பட்டையோ பத்தடி தொலைவிலிருந்தும் தெரியும். ஆதலின் அதனைக் கற்றுவைத்தல் நன்று.

கற்றல் எளிது, வரிசை மாறாது நினைவில் வைத்தலே அரிது. இதற்குப் பலர் பல உபாயங்களைக் கையாளுகின்றனர். அவற்றுள் சில உதவும், சில கெடுக்கும்.

மிகுதியாகக் கூறப்படுவது வீதி விளக்கு உபாயம். பட்டணத்துச் சந்திகளில் எரியும் விளக்கில் சிவப்பு நில் என்றும், மஞ்சள் கவனி என்றும், பச்சை போ என்றும் கூறுவதுபோலப் போத்தலையும் கொள்ளலாம் என்பர். இது கேட்பதற்கு எளிது. ஆனால் இரண்டு குற்றங்கள் இதில் உள. முதலாவது, வீதி விளக்கில் நீலம் இல்லை. நீலப்பட்டைப் போத்தல் கைக்கு வந்தால், இந்த உபாயத்தைக் கற்றவர் மயங்குவார். நீலம் தண்ணீரின் நிறந்தானே, இது பச்சையிலும் சாதுவானது போலும் என்று தாமே ஒரு பொருளைக் கற்பித்துக்கொள்வார். அது தவறு, நீலம் பச்சையினும் கடியது. இரண்டாவது குற்றம் இன்னும் பெரிது. வீதியிற் பச்சை விளக்கு எரிந்தால் தடையின்றிப் போகலாம். போத்தலிற் பச்சைப்பட்டை இருந்தால் கையுறையின்றித் தெளிக்கலாம் என்றோ, தெளித்த மறுநாளே கறிமிளகாயைப் பறிக்கலாம் என்றோ பொருளில்லை. இந்த உபாயத்தை நாம் விதந்துரைப்பதற்கில்லை.

வானவில்லின் வரிசையைச் சொல்வோரும் உளர். அதுவும் இங்கே பொருந்தாது. வானவில்லிற் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று வரும். போத்தலில் நீலம் முந்திப் பச்சை பிந்தும். பாடசாலைப் பிள்ளைகள் இதிற் பெரும்பாலும் தவறுவர்.

வானொலிப் பெட்டி திருத்துவோரிடம் ஓர் உபாயம் உண்டு. அப்பெட்டிக்குள் மின்தடை என்னும் சிறு உறுப்பு ஒன்று இருக்கும். அதன் அளவை எண்ணால் எழுத இடம் போதாமையால், கறுப்புக்குச் சுழி, கபிலத்துக்கு ஒன்று, சிவப்புக்கு இரண்டு எனத் தொடங்கி வெள்ளைக்கு ஒன்பது வரை பத்து நிறங்களை வளையமாகத் தீட்டியிருப்பர். பத்தையும் வரிசை பிறழாமல் மனனஞ்செய்ய, நிறப்பெயர்களின் முதலெழுத்துக்களைக் கொண்டு ஒரு வாக்கியம் அமைத்துத் தொழில் பழகுவோருக்குக் கற்பிப்பது வழக்கம். நமக்குப் பத்து வேண்டா, நான்கு போதும். சி, ம, நீ, ப என்னும் நான்கு எழுத்துக்களை வைத்து,

சிங்கம் மலையிறங்கி நீரருந்திப் பசியாறும்

என்று கூறிப் பாருங்கள். சிங்கம் சிவப்பு, மலை மஞ்சள், நீர் நீலம், பசி பச்சை. கொடுமையில் மிக்கது முதலிலும் குறைந்தது இறுதியிலுமாக வரிசை தானே அமைந்துவிடும். பசியாறிப் படுத்திருந்தாலும் சிங்கம் சிங்கமே என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்; பச்சைப்பட்டைப் போத்தலை அவர்கள் கையில் எடுக்காதிருக்க அது உதவும்.

எழுத்தறியாத முதியோருக்கு முதலெழுத்து உபாயம் பயன்படாது. அவர்களுக்கு அடுக்களைப் பொருள்களைச் சொல்லிக் காட்டுதல் நன்று. சிவப்பு, செத்தல் மிளகாய்: தொட்ட கையைக் கண்ணில் வைத்தாற் போதும், அலறச் செய்யும். மஞ்சள், அரைத்த மஞ்சள்: தொட்ட கையை விட்டு எளிதிற் போகாது. நீலம், வெள்ளைத் துணிக்குப் போடும் சலவை நீலம்: ஒரு துளியே வாளித் தண்ணீர் முழுவதும் பரவும். பச்சை, பாகற்காய்: உண்ணக்கூடியது போலத் தோன்றினும் கசப்பு அதற்குள் உண்டு. இலயத்து வீட்டிற் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருக்கும் பாட்டிமாரே பெரும்பாலும் இந்தப் போத்தல்களுக்குக் காவல். தோட்டத்துக்குச் செல்பவர் அறிந்தாற் போதாது. வீட்டிலிருப்பவரும் அறிதல் வேண்டும்.

நிறப்பெயரிலும் ஒரு மயக்கம் உண்டு. நம்மவருட் சிலர் கடும் நீலத்தை ஊதா என்பர். கடைக்காரர் சிங்களத்திற் பேசினால் சிவப்பு ‘ரத்து’, மஞ்சள் ‘கஹ’, நீலம் ‘நில்’, பச்சை ‘கொள’ என்று வரும். நில் என்று அவர் கூறுவதைத் தமிழ்ச் சொல்லாக எண்ணி நிற்பதற்கில்லை. பெயர் கேட்டு வாங்குவதினும் பட்டையைக் கண்ணாற் கண்டு வாங்குதல் மேல். ஆண்களிற் சிலருக்குப் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும், இளம்பச்சையும் மஞ்சளும் வேறுபட்டுத் தோன்றுவதில்லை. தமக்கு அக்குறை உண்டென்பதை அறியாமலே அவர்கள் முதுமை எய்துவதும் உண்டு. பழுத்த மிளகாயையும் காயையும் செடியில் வேறுபிரித்துப் பறிக்க இடர்ப்படுபவர் பட்டையை மட்டும் நம்பாது, வகுப்பைக் குறிக்கும் எழுத்தையும் வேறொருவரைக் கொண்டு வாசித்தறிதல் வேண்டும்.

இனிப் பட்டை கூறாத சிலவற்றைக் கூறுவோம். வரிசையைச் செவ்வனே மனனஞ்செய்தவரும் ஏமாறும் இடம் இதுவே.

நிறப்பட்டை, ஒரே முறையில் உடலிற் சேரும் நஞ்சின் உடனடி வேகத்தை மட்டுமே அளந்து காட்டுகின்றது. பல ஆண்டுகள் சிறிது சிறிதாகச் சேர்வதால் விளையும் கேட்டை அது காட்டுவதில்லை. தக்காளி, உருளைக்கிழங்குச் செடிகளின் வெளிறல் நோய்க்குப் பலரும் தெளித்துவந்த மாங்கோசெப் என்னும் பங்கசுநாசினியை எடுத்துக்கொள்ளுங்கள். உடனடி நஞ்சு என்ற அளவில் அது பச்சைக்குரிய வகுப்பைச் சேர்ந்தது. ஆயினும் அது கருவிலுள்ள சிசுவுக்கும் உடற்சுரப்பிகளின் செயலுக்கும் கேடு செய்யவல்லது என்பது ஆய்வுகளால் உணரப்பட்டு, 2020 டிசெம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் அதன் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. பச்சைப்பட்டையைக் கண்டு கருவுற்ற பெண்ணொருத்தியிடம் மருந்து கரைக்கும் வாளியைக் கொடுப்பது எத்துணைப் பிழை என்பதை இதனால் உணரலாம்.

மஞ்சளைப் பற்றியும் அவ்வாறே. பரகுவாட்டு என்னும் களைநாசினி இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தது; அதாவது மஞ்சள். ஆனால் தவறுதலாக ஒரு வாய் விழுங்கியவரையும் மீட்பது மருத்துவர்க்கு அரிதாயிருந்தது, மாற்றுமருந்து அதற்கில்லை. கபில நிறமான அந்தத் திரவத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்க, கோப்பி என்றோ குளிர்பானம் என்றோ எண்ணிக் குடித்து இறந்தவர்கள் பல நாடுகளிலும் உளர். அதனாலேயே பின்னர் அதில் நீலச்சாயமும், துர்நாற்றமும், வாந்தியை உண்டாக்கும் பொருளும் சேர்க்கப்பட்டன. நமது நாட்டில் 2008ஆம் ஆண்டு தொடங்கிப் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2011ஆம் ஆண்டளவில் அது விலக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1995இல், சிவப்பு வகுப்பிலிருந்த மெதமிடோபொஸ், மொனோகுறோட்டோபொஸ் என்பவற்றின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. மஞ்சளிலிருந்த எண்டோசல்பான் 1998இல் விலக்கப்பட்டது. இவ்விலக்குகளின் பின் நஞ்சினால் நேர்ந்த இறப்புக்கள் நாடெங்கும் பெரிதும் குறைந்தன. இளைஞருட் பலர் சிவப்புப்பட்டைப் போத்தலைக் கண்டே இரார். ஆனால் பழைய பண்டசாலைகளிலும், வீட்டுப் பரணிலும், தந்தையார் காலத்துத் தகரப்பேணிகள் இன்னும் கிடத்தல் கூடும். அவற்றைக் கண்டால் திறந்து பாராதீர்கள், ஆற்றிலும் கொட்டாதீர்கள். கமநல சேவைகள் நிலையத்துக்கு அறிவித்து அவர்கள் கூறும்படி செய்யுங்கள்.

மீன், தேனீ என்பவற்றுக்கு வரும் தீங்கையும் பட்டை காட்டாது. மனிதருக்குச் சாதுவான சில பூச்சிநாசினிகள் ஓடையிற் கலந்தால் மீனை அடியோடு அழிக்கும். வயலிலிருந்து வழியும் நீர் களுகங்கையின் கிளையாறுகளைச் சென்றடையும் நமது மலைச்சரிவுகளில் இது சிறு காரியமன்று. அறுவடைக்குமுன் எத்தனை நாள் காத்திருத்தல் வேண்டும் என்பதும் பட்டையில் இராது. அது எழுத்தில் மட்டுமே உண்டு. பச்சைப்பட்டை கண்டு போஞ்சியை இரண்டாம் நாளே சந்தைக்கு அனுப்புபவர், வாங்கி உண்பவருக்குத் தீங்கு செய்கின்றார்.

நிறத்தைக் காண்பது வேறு, அது கூறும் பொருளை அறிவது வேறு என்பதற்கு ஈராக் நாட்டில் நிகழ்ந்த பெருந்துன்பம் சான்றாகும். 1971ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டுக் கமக்காரருக்கு வெளிநாட்டிலிருந்து தருவித்த கோதுமை விதை வழங்கப்பட்டது. பூஞ்சணம் பிடியாதிருக்க அதில் இரசம் சேர்ந்த மருந்து பூசி, உண்ணலாகாது என்பதற்கு அடையாளமாகச் செந்நிறச் சாயமும் ஏற்றியிருந்தனர். சாக்குகளில் எச்சரிக்கையும் அச்சிடப்பட்டிருந்தது. ஆனால் அது ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. பல இடங்களில் விதைப்புக் காலம் கழிந்த பின்னரே விதை வந்து சேர்ந்தது. வீட்டில் தானியம் குறைந்திருந்தது. சிலர் அதனைக் கழுவினர். சாயம் நீரோடு போயிற்று. நஞ்சும் போயிற்று என்று எண்ணினர். சிலர் கோழிக்குப் போட்டுப் பார்த்தனர். கோழி உடனே சாகவில்லை. பின்னர் அரைத்து உரொட்டி சுட்டு உண்டனர். அந்த நஞ்சு வாரக்கணக்கிற் பொறுத்தே வேலை செய்வது. மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டோர் 6,530 பேர். அங்கே இறந்தோர் 459 பேர்.

அவர்கள் அறிவிலிகள் அல்லர். நிறத்தின் பொருளை அவர்களுடைய மொழியில் எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நீங்கள் வாங்கும் மரக்கறி விதைப் பைக்கற்றுக்களிலும் இளஞ்சிவப்பு, நீலம், பச்சை எனச் சாயமேற்றிய விதைகளைக் கண்டிருப்பீர்கள். பூசணி, சோளம், போஞ்சி என்பவற்றில் இது மிகுதி. இங்கே போத்தற் பட்டையின் வரிசை செல்லாது. பச்சைச் சாயமாயினும் இளஞ்சிவப்புச் சாயமாயினும் பொருள் ஒன்றே: இது நாற்றுமேடைக்கு உரியது, வாய்க்கு உரியதன்று. எஞ்சியதைக் கோழிக்குப் போடாதீர்கள், கழுவிச் சமைக்காதீர்கள். விதைத்த கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே வெற்றிலையைத் தொடுங்கள்.

இன்னொன்று. நிறப்பட்டை போத்தலோடு ஒட்டியிருக்கும் வரைதான் பயன் தரும். கால் போத்தல் மருந்தை வேறு போத்தலில் ஊற்றி வாங்கும்பொழுது நஞ்சு வீட்டுக்கு வருகின்றது. பட்டை கடையிலேயே நின்றுவிடுகின்றது. அவ்வாறு வாங்காதீர்கள், அயலவருக்கும் ஊற்றிக் கொடுக்காதீர்கள். இரத்தினபுரி மாவட்டத்து மழையிலும் ஈரத்திலும் விபரச்சீட்டு ஊறிக் கழன்றுவிடுவதும் உண்டு. போத்தலை நிலத்தில் வையாது, பூட்டுள்ள பெட்டியில் உயர வையுங்கள். சீட்டுத் தளரக் கண்டால் ஒளிபுகும் ஒட்டுநாடாவை அதன்மேற் சுற்றி ஒட்டிவிடுங்கள்.

தோட்டங்களிலும் பெரிய மரக்கறிக் காணிகளிலும் கூலிக்குத் தெளிப்பவர் நிலைமை இதனினும் கடியது. கரைத்த மருந்து வாளியில் வரும். அவர் அதனைத் தெளிகருவியில் ஊற்றி முதுகில் ஏற்றுவார். போத்தல் பண்டசாலையிற் பூட்டியிருக்கும். அன்றைய பட்டை எந்நிறம் என்று அவர் அறியமாட்டார். வேலைக்கு ஆளமர்த்தும் கமக்காரர், கரைக்குமுன் போத்தலைத் தெளிப்பவர் கையிற் கொடுத்துக் காட்டுதல் கடமை. தெளிப்பவரும் ‘பட்டையைக் காட்டுங்கள், ஐயா’ என்று கேட்டல் குறையன்று. பட்டையினுள்ளே சிறு படங்கள் இருக்கும்: கையுறை, சப்பாத்து, முகமறைப்பு, கைகழுவுதல், பூட்டிய பெட்டி என்பன. அன்று அணிய வேண்டியவை எவை என்பதை அப்படங்களே கூறிவிடும்.

நினைவை நம்பலாகாத நிறம் ஒன்று வயலில் உண்டு. அது நெல்லிலையின் பச்சை. மஞ்சளையும் சிவப்பையும் மனம் பிரித்து வைத்துக்கொள்ளும். சென்ற வாரத்துப் பச்சைக்கும் இன்றைய பச்சைக்கும் உள்ள வேற்றுமையை எவர் மனமும் வைத்துக்கொள்ளாது. வெயிலில் ஒருவிதமாகவும் முகிலில் ஒருவிதமாகவும் அது தோன்றும். அயல்வயல் கரும்பச்சையாய் நிற்கக் கண்டு, தம் வயல் வெளிறியது என்று எண்ணி யூரியா இடுபவர் பலர். மிகையான யூரியா இலையைக் கொழுக்கச் செய்து கபிலநிறத் தத்தியையும் எரிபந்த நோயையும் அழைக்கும். அதன்பின் மஞ்சட்பட்டைப் போத்தலைத் தேடிக் கடைக்கு ஓட வேண்டிவரும்.

இதற்கெனவே சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இலைநிற அட்டையைப் பரப்பியது. இளம் மஞ்சட்பச்சை முதற் கரும்பச்சை வரை சில பட்டிகள் அதில் வரிசையாய் எண்ணிடப்பட்டிருக்கும். முற்றாக விரிந்த இலைகளுள் மேலே உள்ளதைத் தெரிந்து, அதன் நடுப்பாகத்தை அட்டைமேல் வைத்து ஒப்பிடுங்கள். இலையைக் கிள்ள வேண்டா. வெயில் அட்டையில் விழாது உங்கள் நிழலால் மறைத்துக்கொள்ளுங்கள். நோயற்ற பத்துச் செடிகளைப் பாருங்கள்; அவற்றுள் ஆறு அல்லது அதற்கு மேற்பட்டவை எல்லை எண்ணிலும் வெளிறியிருந்தாலே யூரியா இடவேண்டும். விதைத்த நெல்லுக்கும் நாற்று நட்ட நெல்லுக்கும் எல்லை எண் வேறு. உங்கள் இனத்துக்கு உரியதை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியுங்கள். ஏழு முதற் பத்து நாளுக்கு ஒருமுறை, பூக்கும் வரை, அதே வேளையில் அதே ஆளே பார்த்தல் வேண்டும். ஒரு நாள் தந்தையும் மறுநாள் மகனும் பார்த்தால் இரு கண்களுக்கும் வேற்றுமை வரும்.

எவ்வளவு காத்தும் ஒருவர் மேல் நஞ்சு பட்டுவிட்டால், உடையைக் களைந்து சவர்க்காரமும் நிறைந்த நீரும் கொண்டு உடலைக் கழுவுங்கள். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வற்புறுத்தாதீர்கள். தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். போத்தலையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். பட்டையின் நிறத்தை மட்டும் சொன்னால் வைத்தியருக்குப் போதாது. ஒரே நிறத்தில் வெவ்வேறு வகையான நஞ்சுகள் உள, அவற்றுக்குச் சிகிச்சையும் வேறு. விபரச்சீட்டில் உள்ள பொருளின் பெயரே அவருக்கு வேண்டுவது. அப்பெயரைக் கொண்டு கொழும்புத் தேசிய வைத்தியசாலையிலுள்ள நஞ்சுத் தகவல் நிலையத்திலும் அவர் கேட்டறிவார். பயிர் பற்றிய மற்றைய ஐயங்களுக்கு 1920 என்னும் தொலைபேசி இலக்கத்தில் விவசாயத் திணைக்கள ஆலோசகரை அழைக்கலாம். அழைக்குமுன் போத்தலைக் கையில் எடுத்து, பட்டையையும் பெயரையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.